மூன்றாம் நாளே முடித்த கருமாதி

12.8.96 திங்கள்
காற்று, தூறல். கிடங்கில் ஓடு இரண்டு பறந்துபோய்க் கழிவுப் பஞ்சு நான்கு மூட்டை நனைந்தது. உலர்த்த வெயில் இல்லை.

பதினொரு மணிக்குக் கடைக்கு ஒரு பெண். சென்னை. தோளில் வீடியோ கேமரா. தற்கொலையில் ஆளைப் பறிகொடுத்த வீடுகளைப் பற்றி டாக்குமெண்டரி எடுக்கிறாளாம். மிச்சமிருப்பவர்கள் எப்படி நாளைத் தள்ளுகிறார்கள் என்று. "எங்கண்ணனும் அப்படித்தான் போனான் சார்" என்றாள். குரல் ஆடவில்லை.

"தப்பான ஊட்டுக்கு வந்துட்டீங்க அம்மணி. எம்பையன் மாரடைப்புல போனவன்."

"உங்க வீட்டம்மாதான் சார் லெட்டர் போட்டாங்க."

இருபத்தாறு வருடக் குடித்தனம். சரசு பத்திரிகையில் அறிவிப்பைப் பார்த்து இன்லண்ட் எழுதுவாள் என்பது இன்றுதான் தெரிந்தது. நாளை பார்க்கலாம் என்று பெண்ணை அனுப்பிவிட்டேன்.

13.8 செவ்வாய்
சரசு சமைத்தாள். பரிமாறவில்லை. தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நான் சொன்னது: மகள் கோகிலாவுக்குத் தாராபுரத்தில் பேசியிருக்கிறது. ஆவணியில் நிச்சயம். அண்ணன்காரன் செத்த விதம் படமாக ஓடினால் அவர்கள் வாசல் மிதிப்பார்களா?

அவள் சொன்னது: "செந்திலு போன மூணாம் நாளே கருமாதிய முடிச்சுப்போட்டு நாலாம் நாளு கடையத் தொறந்தீங்க. பதினாறு நாளு அழுகறதுக்குக்கூட விடலை. ஆரு வந்தாலும் மாரடைப்புன்னு ஒப்பிக்கச் சொன்னீங்க. நான் எம்மவனுக்கு அழுதனா, உங்க பொய்க்கு அழுதனா?"

உண்மைதான். பதினாறு நாள் வைத்தால் வருகிறவனெல்லாம் கிளறுவான் என்று சுருக்கினேன். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வாசகமும் நானே எழுதியது. நனைந்த பஞ்சை நடுவில் வைத்து, உலர்ந்ததை மேலே சுற்றி மூட்டை கட்டுகிறவனிடம் நான் சரக்கே எடுப்பதில்லை. சொந்த வீட்டில் அதைத்தான் செய்திருக்கிறேன்.

செந்தில் ஏன் அப்படிச் செய்தான்? மூன்று வருடமாக யோசிக்கிறேன். தெரியாது.

கேமராப் பெண் வந்தாள். இன்னும் இரண்டு நாள் என்றேன். முகம் சுளிக்காமல் போனாள்.

14.8 புதன்
படம் போய்ச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுவது மேல். காலையில் தாராபுரம் பஸ். மாப்பிள்ளையின் அப்பா தோட்டத்தில் இருந்தார். இளநீர் வெட்டிக் கொடுத்தார். கையில் வைத்துக்கொண்டே சொன்னேன். பையன் மாரடைப்பில் போகவில்லை, தானாகத்தான் போனான் என்று.

அவர் முகம் மாறவில்லை. "தெரியுங்க."

"எப்பத் தெரியுங்க?"

"கருமாதிக்கு வந்தப்பவேங்க. இருவத்திரண்டு வயசுப் பையனுக்கு மாரடைப்புன்னா ஆருங்க நம்புவாங்க? எல்லாருக்குந்தான் தெரியும். நீங்களாச் சொல்லாதப்ப நாங்க கேக்கறது மரியாதை இல்லீங்களே. இளநியக் குடிங்க, சம்பந்தி."

"படத்துல வந்தா..."

"வரட்டுமுங்க. அதுக்கும் கல்யாணத்துக்கும் என்னங்க?"

நல்ல மனிதர். இருந்தும் அந்த இடத்திலேயே அவரை அறைந்துவிடலாம் போலிருந்தது. மூன்று வருடமாக ஊரே எனக்கு மரியாதை செய்திருக்கிறது. ஒரே ஒரு மரியாதை கெட்டவன் நேருக்கு நேர் கேட்டிருந்தால் சரசு அன்றே வாய்விட்டு அழுதிருப்பாள்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "அப்ப ஆருகிட்ட ஒளிச்சோமுங்க?" என்றாள். பிறகு, "அந்தப் புள்ளைய நாளைக்கு வரச் சொல்லுங்க."

அந்தப் பெண் தங்கியிருக்கும் லாட்ஜுக்குப் போன் செய்தேன்.

15.8 வியாழன்
கடை விடுமுறை. கொஞ்சம் வெயில். பெண் ஒன்பதுக்கே வந்துவிட்டாள். கதவோரம் நின்றேன். கோகிலா அம்மாவுக்குத் தலை வாரிவிட்டாள்.

"எம்மவன் செந்திலு தன்னைத்தானே முடிச்சுக்கிட்டானுங்க." சரசுவின் முதல் வாக்கியமே அதுதான். மளிகைச் சாமான் சொல்வதுபோல் தெளிவாக.

பெண் கேட்டாள்: "மூணு நாள்ல எல்லாம் முடிஞ்சிருச்சுன்னீங்களே, அப்புறம் எங்கம்மா அழுதீங்க?"

"அடுத்தவங்க எழவுல, கண்ணு. பல்லடம், காங்கயம், எங்க எழவுன்னாலும் மொத ஆளாப் போயிருவேன். எழவூட்ல அழுதா ஆரும் ஏன்னு கேக்க மாட்டாங்கல்ல. அவங்க பொணத்துக்குப் பக்கத்துல உக்காந்து எம்பையனுக்கு அழுதுபோட்டு வருவேன்."

ஒரு துக்கம் விடாமல் போய்வருகிறாள், பெரிய மனசு என்று கடையில் எத்தனை பேரிடம் பெருமையடித்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் மாலை வாங்கிக் கையில் கொடுத்து, சிங்காநல்லூரில் பஸ் ஏறி, ஜன்னலோரமாக இடம் பார்த்து உட்கார வைத்தது நான்.