கோவண்டியில் நின்ற நேரம்

இன்று காலை செம்பூர் அலுவலகத்தில், கணினி நிரல் எந்தப் பகுதியில் எவ்வளவு நேரம் செலவழித்தது என்று காட்டும் ஓட்டத்தடத்தைத் திரையில் திறந்தேன். 'கோவண்டி' என்ற பெயருக்கு நேரே மெல்லிய பச்சைக் கோடு. என்னோடு வேலை பார்த்த உம்மை நினைக்க ஊதுபத்தி தேவைப்படவில்லை.

கழிமுக நீரோட்டத்தைக் கணிக்கும் நம் நிரல் மணிக்கணக்கில் இழுத்தடித்த காலம் அது. எந்தப் பகுதி நேரத்தைத் தின்கிறது என்று கண்டுபிடிக்க, ஒவ்வொன்றுக்கும் தொடக்கக் குறி, முடிவுக் குறி வைத்து நாமே பெயரிட வேண்டும். மற்றவர்கள் 'பகுதி ஒன்று', 'பகுதி இரண்டு' என்பார்கள். தாராவியிலிருந்து வேலைக்கு வந்துகொண்டிருந்த நீரோ, ஹார்பர் புறநகர் ரயில் தடத்து நிலையங்களின் பெயரை வைத்தீர். தரவு வாசிப்பு செம்பூர். மூன்று வருடம் உட்கார்ந்து நீர் எழுதிய சமன்பாட்டுத் தீர்வுப் பகுதி கோவண்டி.

குறிகளை வைத்தவன் நான். முக்கால்வாசி நேரம் கோவண்டியில் போவதாக அறிக்கை வந்தது. "கோவண்டியில் ஏன் இவ்வளவு நேரம்?" என்று நம் குழுத் தலைவர் கூட்டத்தில் கேட்டார், ரயில்வேயிடம் புகார் கொடுப்பவர்போல. உம் தீர்வைத் தூக்கிவிட்டு வெளியில் ஒன்று வாங்கலாம் என்றார். நானும் தலையாட்டினேன். அறிக்கை என்னுடையது, அதை நம்ப அதற்குமேல் காரணம் தேவைப்படவில்லை.

நீர் சண்டை போடவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நான் குறியிட்ட வரிகளைப் படித்தீர். விடை சீக்கிரம் கிடைத்துவிட்டால் பாதியிலேயே வெளியேறும் வழி ஒன்று உம் நிரலில் உண்டு. அந்த வழியில் நான் முடிவுக் குறி வைக்கவில்லை. பகுதி மூடாமலே கிடக்க, பின்னால் நடந்ததெல்லாம் கோவண்டியின் தலையில் விழுந்திருந்தது.

"வே, வாசலத் தொறந்து போட்டுட்டு வந்துட்டீரு. தெருவுல போற ஆளையெல்லாம் எங்க வீட்டு ஆளுன்னு எழுதிட்டீரு."

விட்ட இடத்தில் குறியை வைத்தீர். பிறகு, முடிவுகளைக் கோப்பில் எழுதும் என் பகுதிக்கும் குறி வைத்து, அடுத்த நிலையமான மான்கூர்டின் பெயரை வைத்தீர். என் வேலைக்குக் குறி வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. மறுபடி ஓட்டினோம். அந்த நேரம் முழுக்க மான்கூர்டில் இருந்தது. ஒவ்வொரு வரிக்கும் கோப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது என் நிரல்.

"தலைவர்ட்ட நீரு சொல்லுதீரா, நான் சொல்லட்டா?"

நானே சொன்னேன். கோபத்தை ஆள் மாற்றிக் காட்டுவதில் அவர் அனுபவசாலி. ஐந்து நிமிடத்தில் என்னைத் திட்டி முடித்தார். உம் தீர்வு தப்பியது.

நீர் இறந்துபோய் இரண்டு மழைக்காலம் ஆகிறது. இப்போதெல்லாம் ஒரு பகுதியைத் திறந்தால், அதிலிருந்து வெளியேறும் வழிகளை எண்ணி, எல்லாவற்றிலும் முடிவுக் குறி வைத்த பிறகே அடுத்த வேலை. முதல் குறி என் நிரலுக்கு.

புதிதாக வந்த சக ஊழியர் ஒருவர் இந்த நிலையப் பெயர்களை மாற்றிவிடலாமா என்று இன்று கேட்டார். பழைய தடங்களோடு ஒப்பிட முடியாமல் போகும் என்றேன். அது தொழில்முறைக் காரணம், உண்மையும்கூட.

கோவண்டி அப்படியே இருக்கிறது. இன்றைய ஓட்டத்திலும் அங்கே வண்டி நின்றதே தெரியவில்லை.