முதல் வெள்ளிப் பட்டியலில் உங்கள் பெயர்

என் அப்பா,

அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து மூன்று மாதமாகிறது. இடது கால் இழுபடுகிறது. பயப்படாதேங்கோ, வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. என்னை ஏச அது போதும்.

போன ஞாயிறு பூசை முடியப் பங்குச் சுவாமி என்னைக் கூப்பிட்டார். "அம்மாவின்ர பேரையும் எழுதட்டோ பிள்ளை? மாத முதல் வெள்ளிக்கு நற்கருணையை வீட்டுக்கே கொண்டு வாறன்." கோயிலுக்கு வர ஏலாதவர்களின் அந்தப் பட்டியலில் உங்கள் பெயரைக் கொடுத்தவள் நான்தானே.

மாரடைப்புக்குப் பிறகு உங்களை வீட்டுக்கு விட்டபோது, "மெல்ல மெல்ல நடக்க விடுங்கோ" என்றுதான் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நான் கேட்டேனா? நீங்கள் சேட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு கோயிலுக்கு வெளிக்கிட, "பேசாமல் கதிரையில இருங்கோ, ஆண்டவர் உங்களைத் தேடி வருவார்" என்றேன்.

"வரட்டும் பிள்ளை. நான் பாதி வழியில போய்ச் சந்திக்கிறன்" என்றீர்கள். சிரித்தேன், ஆனால் விடவில்லை.

தண்ணீரும் கையில், சோறும் கையில் கொண்டுவந்து தந்தேன். ஊரெல்லாம் எனக்குப் பாசக்காரி என்று பேர். கரைவலை இழுத்த கால்கள் ஆறே மாதத்தில் குச்சியாகிவிட்டன. படியில் விழுந்தீர்கள், பிறகு கட்டிலை விட்டு எழும்பவேயில்லை, அப்படியே போய்விட்டீர்கள். நோய் இருதயத்துக்குத்தான், அப்பா. கால்களைப் பறித்தது நான். பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியிடம் சொல்லிவிட்டேன், உங்களிடம் இன்றைக்குத்தான் சொல்கிறேன். அந்தக் கதிரையில் இருந்து என்னைப் பார்த்தபோதெல்லாம் என்ன நினைத்தீர்கள்?

"எழுத வேண்டாம் சுவாமி, அவ நடந்து வருவா" என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்று காலை கூட்டிப்போனேன். ஒரு கையில் அம்மா, மற்றக் கையில் அவ களைத்தால் இருக்க ஒரு பிளாஸ்டிக் கதிரை. பத்து நிமிட வழிக்கு முக்கால் மணித்தியாலம்.

"விழுந்தால் என்னடி செய்வாய்?"

"தூக்குவன். நடவுங்கோ."

வாய்தான் அப்படிச் சொன்னது. கை அவவை இன்னும் இறுக்கிப் பிடித்தது.

நாங்கள் வாசலில் ஏற, எல்லோரும் நற்கருணை வாங்கி முடிந்துவிட்டது. சுவாமி எங்களைக் கண்டு நற்கருணையோடு பீடத்தை விட்டு இறங்கி வந்தார். அம்மா என் கையை உதறிவிட்டு, இருக்கை வாங்குகளைப் பிடித்துப் பிடித்து முன்னே போனா. கோயிலின் நடுவில் இரண்டு பேரும் சந்தித்தார்கள். நான் கதிரையோடு வாசலிலேயே நின்று அழுதேன், அப்பா.

அம்மாவை இருத்தி வைக்கமாட்டேன். எவ்வளவு நேரம் எடுத்தாலும் பக்கத்தில் நடப்பேன். இது சத்தியம்.

உங்களைப் பாதி வழிக்கும் விடாத,
மூத்த மகள்