குடையில்லாத ஆட்டுக்குட்டி

போர்த்கெவர்ன், கார்ன்வால்
3 ஏப்ரல் 1967

அன்புள்ள பியர்ஸுக்கு,

லவ்டே எழுதுவது. இங்கே நான் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும், மே இருபதாம் தேதி வரையாவது.

பாஸ்டனிலிருந்து நீ அனுப்பிய கடிதமும் புத்தகமும் வந்தன. அந்த இருபதாம் தேதி, உன் அத்தை தாம்சின் வாழ்ந்த இந்த வீட்டுச் சுவரில் அவருக்கு நினைவுப் பலகை திறக்கப் போகிறாயாம், அவருடைய 'இறுதிக் கவிதைகள்' என்று நீ அச்சிட்ட இந்தப் புத்தகத்திலிருந்து வாசிக்கப் போகிறாயாம். சந்தோஷம். உன் முன்னுரையையும் படித்தேன். சித்தம் கலங்கிய எழுத்தாளர், யாரையும் பார்க்க விடாமல் அவரை அடைத்து வைத்த வேலைக்காரி! முப்பத்தொரு வருடம் அவருக்குச் சமைத்துப் போட்டவள் நான். உன் முழங்கால் சிராய்ப்புக்கு மருந்து போட்டவளும் நான்தான்.

அவரை யாரும் அடைக்கவில்லை. வாசலில் காலடிச் சத்தம் கேட்டால் அவரே ஆப்பிள் அடுக்கி வைக்கும் பரணில் ஏறிவிடுவார். "நான் செத்துட்டேன்னு சொல்லு லவ்டே, நாவல் முடிஞ்சதும் உயிரோட வரேன்" என்பார். நான்கு நாவல்கள் அப்படித்தான் முடிந்தன.

விஷயத்துக்கு வருகிறேன். அவரை அடக்கம் செய்த அன்று, வந்தவர்களுக்கு நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது சமையலறை மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கறுப்பு நோட்டை எடுத்துப்போனாயே, அதிலிருந்தது உன் அத்தையின் கையெழுத்துதான். கவிதைகள் அவருடையவை அல்ல. காலமான பாதிரியாரின் தங்கை ஈனிட் பொலித்தோ தேவாலய மாதப் பத்திரிகையில் எழுதும் பாட்டுகள் அவை. மாதாமாதம் உன் அத்தை இருப்பதிலேயே மோசமானதைப் பொறுக்கி, "கையால எழுதினாத்தான் இதோட அசட்டுத்தனம் முழுசா ருசிக்குது" என்று சொல்லி அந்த நோட்டில் நகலெடுப்பார். ஞாயிற்றுக்கிழமை தேநீர் வேளையில் பிரசங்கக் குரலில் வாசிப்பார். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலிக்கும். ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம். இவளுக்கென்ன தெரியும் என்று நினைத்துவிட்டாய்.

மழையில் குடையில்லாமல் நிற்கும் ஆட்டுக்குட்டிப் பாட்டுக்கு ஒன்பது பக்கம் விளக்கம் எழுதியிருக்கிறாய். குடை என்பது கடவுளாம். ஈனிட் அம்மாளிடம் கேட்டேன். குடை என்றால் குடைதானாம்.

ஆமாம், அவர் உன் புத்தகத்தைப் பார்த்துவிட்டார். எண்பத்து மூன்று வயதில் மேடேறி வந்து என் சமையலறையில் உட்கார்ந்து அழுதார். "தாம்சின் என் பாட்டைத் திருடிட்டாளா லவ்டே?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகவே உன்னை நான் மன்னிக்கப் போவதில்லை. "திருடலம்மா, ரொம்பப் பிடிச்சுப்போய் எழுதி வச்சிருந்தாங்க" என்றேன். நான் சொன்ன அந்தப் பொய்க்கும் நீதான் பொறுப்பு.

வேறு கையெழுத்துப் பிரதி ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று கேட்டிருந்தாய். இருந்தது. உன் அத்தையின் உண்மையான கடைசிக் கவிதைகள், பதினோரு தாள்கள். அவர் கேட்டுக்கொண்டபடி அடுப்பில் போட்டுவிட்டேன். போடும் முன் ஒவ்வொன்றையும் பலமுறை படித்தேன். எல்லாம் எனக்கு மனப்பாடம். உனக்குச் சொல்ல மாட்டேன்.

இனி நடக்கப் போவதைக் கேள். ஊருக்கே விஷயம் தெரியும், ஆனால் வெளியாட்களிடம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. விழாவில் முதல் வரிசையில் ஈனிட் அம்மாள் உட்காருவார், மடியில் இருபது வருடத்துப் பத்திரிகைகளோடு. பின்னால் ஞாயிறு பள்ளியில் அந்தப் பாட்டுகளைப் பாடி வளர்ந்த மீனவர்கள். நீ ஆட்டுக்குட்டியை ஆரம்பித்தால் அடுத்த வரியை ஊரே சேர்ந்து சொல்லும். அது வேண்டாமென்றால் வழி ஒன்றுதான். "அத்தை திருடவில்லை, நான்தான் திருடினேன், அவர் புத்தி கடைசிவரை தெளிவாகவே இருந்தது" என்று நீயே எழுந்து சொல்லிவிடு.

உடம்பு சரியில்லை என்று வராமல் இருந்துவிடாதே, கெஞ்சிக் கேட்கிறேன். லண்டன் பத்திரிகைக்காரர்களுக்கு விடுதியில் அறை பேசி வைத்ததே நான்தான். உனக்குப் பிடித்த குங்குமப்பூ கேக் செய்து வைக்கிறேன். கடவுள் உனக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். அன்றைக்கு மட்டும் நல்ல கணீர்க் குரலையும் தரட்டும். உன் அத்தையின் பரண் வரைக்கும் கேட்க வேண்டும்.

உனக்குச் சோறு போட்ட கைகளால்,
லவ்டே ஹாக்கிங்