மூடிய பவளப்பாறையில் சிக்கிய நங்கூரம்

அண்ணா, உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், இந்தத் தாளை யாருக்கும் காட்டாதீர்கள். குவாமில் உங்களோடு தங்கியிருக்கும் நம் ஊர்க்காரர்களுக்குக்கூட வேண்டாம். பகலில் துக்க வீட்டில் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதிய கடிதமும் இதே உறையில் இருக்கிறது, அதை எல்லோர் முன்னும் வாசியுங்கள். உமான் தீவில் நாங்கள் மூன்று வேளையும் சாப்பிட்டு மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம், நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன் என்று அம்மா சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். ஈரத் தலையோடு தூங்காதே, சம்பள நாளில் பிறர் காரில் ஏறிச் சுற்றாதே, ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போ, எல்லாம் அதில் இருக்கிறது. உங்கள் தலையில் கை வைத்து ஆசி சொல்வதாகவும் இருக்கிறது. அப்பாவுக்குக் கொஞ்சம் இடுப்புப் பிடிப்பு என்று ஒரு வரி வரும். அந்த வரி மட்டும் உண்மையில்லை. அது அம்மாவுக்கே தெரியாது.

பெரிய மாமாவை அடக்கம் செய்து எட்டு நாள் ஆகிறது. அம்மாவும் பெரியம்மாக்களும் துக்க வீட்டிலேயே படுத்துக்கொள்கிறார்கள், இங்கே அப்பாவும் நானும்தான். அடக்கம் முடிந்த அன்றே, இப்போது குடும்பத் தலைவரான சிமிரோ மாமா, வழக்கப்படி துக்கத்துக்காக நம் பவளப்பாறையை மூடிவிட்டார். சுற்றிலும் தென்னங்குருத்து கட்டிய கம்புகள் நிற்கின்றன, வருடம் திரும்பும்வரை அதற்குள் யாரும் மீன் பிடிக்கக் கூடாது, மூழ்கக் கூடாது. மூழ்கிக் கிடக்கும் கப்பலும் அந்தக் கம்புகளுக்கு உள்ளேதான் இருக்கிறது. ஆனால் கப்பலைப் பார்க்க வரும் வெள்ளைக்காரர் மூன்று பேருக்கு அப்பா போன வருடமே வாக்குக் கொடுத்திருந்தார். அவர்கள் நேற்று விடியும் முன்பே வந்து கரையில் நின்றார்கள். அப்பா என்னைக் கூப்பிட்டு, "செத்துப்போன பெரியவர் என்னை ஒருநாளும் கடிஞ்சு பேசினதில்ல, இதுக்கும் கோவிக்க மாட்டாரு. நீ படகுல உக்காரு, எதையும் பாக்காத" என்றார். நான் உட்கார்ந்தேன், எல்லாவற்றையும் பார்த்தேன்.

நங்கூரத்தைப் போட்டது நான்தான் அண்ணா. மணலில் போடச் சொன்னார், இருட்டில் அது கப்பல்மேல் விழுந்துவிட்டது. அவர்கள் கீழே போய்ப் பார்த்துவிட்டு நல்லபடியாக மேலே வந்தார்கள், ஒருவர் என்னிடம் கட்டைவிரலைக் காட்டிச் சிரித்தார். நங்கூரத்தை இழுத்தால் வரவில்லை. கிழக்கு வெளுக்கத் தொடங்கிவிட்டது. கயிற்றை வெட்டிவிடலாம் அப்பா என்றேன். "நம்ம மஞ்சள் கயிறு இந்தத் தீவுல யாருக்குத் தெரியாது? சிமிரோ கண்ணுல பட்டா என்னைப் படகோட நான் பொறந்த ஃபெஃபானுக்கே அனுப்பிடுவான். பொண்ணெடுத்த வீட்டுல நான் என்ன சொல்லி நிப்பேன்?" என்றார். பாதி காற்று இருந்த சிலிண்டரை மாட்டிக்கொண்டு மறுபடி குதித்தார். நங்கூரம் விடுபட்டது, ஆனால் காற்று தீர்ந்துவிட்டது. கயிற்றைப் பிடித்து நின்று நின்றுதான் மேலே வர வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர். நேற்று ஒரு இடத்திலும் நிற்காமல் தக்கைபோல மேலே வந்தார்.

வரும் வழியில் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். "காலெல்லாம் எறும்பு ஊருதுடி, சர்க்கரைத் தண்ணிய கொட்டிட்டியா?" என்றார். மத்தியானம் செருப்பு கழன்றது தெரியாமல் நடந்தார். சாயங்காலம் எழுந்திருக்க முடியவில்லை. இன்று காலை அவர் பாதத்தைக் கிள்ளினேன், இரண்டு முறை கிள்ளினேன், எப்போது கிள்ளப் போகிறாய் என்று கேட்டார்.

வேனோ தீவில் இப்படி நிற்காமல் மேலே வந்தவர்களைப் படுக்க வைத்துக் குணமாக்கும் இரும்பு அறை இருக்கிறதே அப்பா, ஒரு மணி நேரப் படகுதானே, போகலாம் என்று அழுதேன். போனால் எங்கே மூழ்கினாய் என்று கேட்பார்கள், பாறையைக் கலைத்தது தெரிந்துவிடும், அம்மாவிடமும் சொல்ல மாட்டேன் என்று வேதப் புத்தகத்தைத் தொட்டுச் சொல்லு என்றார். தொட்டேன். உங்களிடம் சொல்ல மாட்டேன் என்று சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

இன்னொன்று இருக்கிறது, அதுதான் பெரிது. இன்று பொழுது சாய, ஊர் மருந்தகத்தில் வேலை பார்க்கும் கெட்சன் அண்ணன் மருந்துப் பையோடு வந்தார். பெரியம்மா மகன், அவரும் எனக்கு உங்களைப் போல அண்ணன்தானே. அப்பா அவரிடம் இடுப்பு என்று மட்டும் சொன்னார். கெட்சன் அண்ணன் என்னை வெளியே கூப்பிட்டு, கடலைப் பார்த்துக்கொண்டே, "தங்கச்சி, உள்ள போறது வெளிய வர்றது எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டார். அவருக்கும் கூச்சம். நான் தரையைப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே உள்ளதை அண்ணன் முன்னால் நான் எப்படி வாயால் சொல்வேன்? வயிற்றுவலி என்று சொல்லிவிட்டேன். அவர் நிம்மதியாகச் சிரித்து, "துக்கப் பந்தல்ல வச்ச சீமைப்பலாவ ஒத்த ஆளா முடிச்சிட்டாரா மனுசன்? இந்த மாத்திரையக் குடு, தண்ணி நிறையக் குடிக்க வை" என்று போய்விட்டார். நான் குவளை குவளையாகத் தண்ணீர் கொடுத்தேன். அப்பா என் மனம் நோகக் கூடாதென்று எல்லாவற்றையும் குடித்தார்.

அண்ணா, என்னை மன்னியுங்கள், தங்கை உங்களுக்கு எழுதக் கூடாததை எழுதுகிறேன். அப்பாவுக்கு நேற்று மத்தியானத்திலிருந்து சிறுநீர் போகவில்லை. அதற்காகப் பாயருகே வைத்த தகர டப்பா காய்ந்தே கிடக்கிறது. அடிவயிறு கல்போல இருக்கிறது. வலிக்கவில்லை என்கிறார், வலிக்காததுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

விடிந்ததும் போதகர் மனைவி வேனோவுக்குப் போய் அங்கிருந்து குவாமுக்கு விமானம் ஏறுகிறார், உறை அவர் கையில் வரும். படித்த நிமிடமே வேனோவில் உள்ள டைவிங் கடைக்குப் போன் செய்து படகு அனுப்பச் சொல்லுங்கள். சிமிரோ மாமாவிடமும் நீங்கள்தான் பேச வேண்டும், மூத்த மகன் கேட்டால் மன்னிப்பார். அவர் எதிரில் குனிந்து நடக்கிற நான் என்ன பேச முடியும். ஆனால் இது உங்கள் கைக்கு வர நாளை இரவாகும். படகு வர மறுநாளாகும். இத்தனையும் எழுதி முடித்த பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன், அதுவரை அப்பா

கதவைத் தட்டுகிறார்கள். கெட்சன் அண்ணன் குரல். தங்கச்சி, துக்க வீட்டிலிருந்து வருகிறேன், அப்பாவுக்கு வயிற்றுவலி குறைந்ததா என்று கேட்கிறார். நான் இந்தத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு கதவைத் திறக்கப் போகிறேன்.