மேல்கோட்டை ஏற்றத்தில் உன் முகம்

என்னைவிட மூன்று வயது மூத்தவளாக வாழ்ந்து, இனி ஒருநாளும் மூப்படையப் போகாத என் ஸ்டெல்லா அக்காவுக்கு,

இங்கே மைசூரில் மழை தொடங்கிவிட்டது. பன்னிமண்டபத்துச் சாலையோரமெல்லாம் சேறு. அத்தான் நேரத்துக்குச் சாப்பிடுகிறார், பேசுவதுதான் இல்லை. ஆனால் இவற்றைச் சொல்வதற்காக நான் எழுத அமரவில்லை. உன் முகத்தில் நான் கத்தி வைத்தேன் என்ற செய்தி இதற்குள் பரவிவிட்டது. பூசை முடிந்து வெளியே வரும்போது என்னைக் கண்டதும் சிலர் பேச்சை மாற்றுகிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றே இதை வெளிப்படையாக எழுதுகிறேன். விளக்கம் மட்டும் உனக்கு.

பணி ஓய்வு பெற்ற மறுமாதமே நீ அந்தக் கேரவன் வண்டியை வாங்கினாய். படுக்கை, கழிப்பறை, சிறு அடுப்பு, குளிர்சாதனம், மின்சாரத்துக்கு ஒரு ஜெனரேட்டர். "ஆம்புலன்ஸ்ல போறவங்களுக்கு ஆஸ்பத்திரியத் தவிர வேற ஊரே கிடையாது, அமலா. அவங்களும் நாலு இடம் பாக்கட்டுமே" என்றாய். செவிலியாக இருந்த உனக்கு மட்டுமே அப்படித் தோன்றும். நோயாளிகளை நீ கவனித்தாய், இயந்திரங்களை நான் கவனித்தேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள் என்பதையும், அதுவும் கன்னடப் பள்ளியில் என்பதையும் எவரிடமும் மறைத்ததில்லை. தமிழைச் செபப் புத்தகத்திலிருந்தும், ஆங்கிலத்தை இயந்திரக் கையேடுகளிலிருந்தும் நானே கற்றேன். "இவகிட்ட தண்ணி கேட்டா, 'நீர் அருந்துகிறாயா'ன்னு கேப்பா. அதுக்குள்ள தாகமே போயிடும்" என்று விருந்தினர் முன்னிலையில் நீ கேலி செய்வாய். இப்போது என் தமிழைக் கேலி செய்ய ஆளில்லை. வீடு மிகவும் மரியாதையாக இருக்கிறது, அக்கா. சகிக்கவில்லை.

உன்னை அடக்கம் செய்த முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு, அத்தான் உன் படத்தைப் பெரிய ஸ்டிக்கராக அச்சடித்து வண்டியில் ஒட்டச் செய்தார். வெள்ளைத் தொப்பியணிந்து நீ சிரிக்கும் படம். வலப்புறத்தின் பின்பகுதியில், ஜெனரேட்டர் இருக்கும் அறையின் கதவு முழுவதும் உன் முகம். "எதிர்ல வர்றவன் ஒவ்வொருத்தனும் அவளப் பாக்கணும்" என்றார். நான் அப்போது வீட்டைவிட்டு வெளியே வராதிருந்தேன். வந்து பார்த்தபோது பெருமையாகவே இருந்தது.

அதன் பிறகுதான் ஜெனரேட்டர் சூடேறத் தொடங்கியது.

முதலில் குளிர்விக்கும் விசிறியைச் சந்தேகித்தேன். அதன் மோட்டாரைத் தொட்டால் கை பொசுங்கியது. இறக்கைகளின் தூசியைத் துடைத்தேன். மீட்டர் வைத்து அளந்தேன். மின்சாரம் குறைவின்றி வந்துகொண்டிருந்தது. சூடு மிகுந்தால் இயந்திரத்தை நிறுத்தும் சென்சாரை மாற்றினேன். கடைசியில் விசிறியையே மாற்றினேன். புது விசிறியும் பழையதைப் போலவே கொதித்தது.

விந்தை என்னவென்றால், கதவைத் திறந்து வைத்து நான் எதிரே அமர்ந்திருக்கும்வரை அது பூனைபோல் முனகிக்கொண்டு ஓடும். சாத்திவிட்டு வந்தால், காப்பி ஆறுவதற்குள் நின்றுவிடும்.

நம் ஓட்டுநர் நாகராஜுவை உனக்குத் தெரியாதா? ஹனூர்க்காரர், வாயை அடக்கத் தெரியாதவர். "திறந்து வெச்சா ஓடுது, மூடுனா நின்னுபோவுது. இதுக்கு மீட்டர் எதுக்குங்க சின்னக்கா? பெரியக்காவுக்கு மூடி வெச்சாப் பிடிக்கல. நாமதான் ஏற்கெனவே ஒருதடவ மூடி மண்ணப் போட்டுட்டமே" என்றார்.

"மூடநம்பிக்கை பேசாதீர், நாகராஜு."

"இன்னொண்ணுஞ் சொன்னா அடிக்க வருவீங்க. மிசின் ஓடுறப்போ பெரியக்கா கன்னம் உள்ளார போவுதுங்க. நிறுத்துனா மறுபடி உப்பிக்குது."

"ஸ்டிக்கர் வெயிலில் சுருங்கும்."

"நெழல்லயும் போவுதுங்களே!"

அவரை விரட்டிவிட்டேன். ஆயினும் ஒரு மாலை, கதவைச் சாத்தி, இயந்திரத்தை ஓடவிட்டு, உனக்கு எதிரே போய் நின்றேன். அவர் சொன்னது பொய்யில்லை. கன்னங்கள் ஒட்டிக் கிடந்தன. உதடுகள் உள்ளிழுத்துக்கொண்டிருந்தன. மூக்கின் இருபுறமும் குழிந்து, தளர்ந்து, மீண்டும் குழிந்தது. சிரிப்பு மட்டும் அச்சடித்தபடியே இருந்தது. சிரித்துக்கொண்டே நீ காற்றுக்குத் தவித்தாய்.

அந்த முகத்தை எனக்குத் தெரியும். உன் நுரையீரல் கைவிட்ட கடைசி வாரத்தில், மருத்துவமனைக் கண்ணாடிக்கு இப்புறம் நின்று நாளெல்லாம் நான் பார்த்திருந்த முகம் அது. காரணத்தைத் தேட வேண்டியவள் நான். முகத்தைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டேன். அதன் பிறகு வண்டியின் வலப்புறம் நான் நடப்பதைத் தவிர்த்தேன்.

இந்த நிலையில்தான் வேதம்மாள் மாமியிடமிருந்து அழைப்பு வந்தது. மேல்கோட்டையில் பிறந்தவர், மைசூரில் மகள் வைதேகியின் வீட்டில் படுக்கையில் இருக்கிறார். ஆக்ஸிஜன் இயந்திரம் இல்லாமல் அவரால் சிறிது நேரமும் இருக்க முடியாது. ஒருமுறை மேல்கோட்டைக் குளத்தைப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. நான் தயங்கினேன். "இந்த மாசத்தை விட்டா எனக்கு அடுத்த மாசம்னு ஒண்ணு கிடையாதும்மா" என்றார். குளிர்சாதனத்தை நிறுத்தினால் சுமை குறையும், சூடேறாது என்று கருதி, ஒரு முற்பகல் முழுவதும் அப்படியே ஓட்டிப் பார்த்தேன். நிற்கவில்லை. ஒப்புக்கொண்டேன்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தையும் பாண்டவபுரத்தையும் தொல்லையின்றிக் கடந்தோம். உச்சி வெயிலில் மலையேறத் தொடங்கியதும் ஜெனரேட்டர் நின்றது. ஆக்ஸிஜன் இயந்திரம் கூவிக்கொண்டே அடங்கியது. வைதேகி பதறிப்போய்க் கையிருப்பாக வைத்திருந்த சிறு சிலிண்டரை அம்மாவுக்கு மாட்டினாள். அதன் அளவுமுள் பாதிக்கும் கீழே நின்றது.

நாகராஜு வண்டியை ஓரங்கட்டினார். நான் இறங்கி, உன்னை நிமிர்ந்து பாராமல், கதவைத் திறந்தேன். சூடு முகத்தில் அறைந்தது. சற்று ஆறியதும் இயக்கினேன்; ஓடியது. மாமியின் இயந்திரமும் ஓடியது. கதவைச் சாத்தினேன். விசிறியின் குரல் உடனே மாறியது. வாயைப் பொத்தினாற்போல ஒரு கம்மல். திறந்தேன்; தெளிந்தது.

அப்போதுதான், அக்கா, சாத்திய கதவின்மேல் என் உள்ளங்கையை வைத்தேன். உன் கன்னம் என் கைக்கடியில் உள்வாங்கியது. விரல்களால் தடவினேன். ஸ்டிக்கருக்குக் கீழே, வரிவரியாக, பள்ளங்கள்.

அந்தக் கதவில் காற்று நுழைவதற்கென்று கிடைவாட்டில் வெட்டிய துளைகள் இருந்தன. நீயும் நானும் எத்தனை முறை அவற்றைத் துடைத்திருப்போம்! உன் முகத்தின் குறுக்கே ஒரு கோடும் தெரியக்கூடாது என்று அத்தான் சொல்லியிருக்கிறார். ஒட்டியவன் சூடுகாட்டி இழுத்து, அத்தனையையும் மூடிவிட்டான். கையேட்டின் முதல் வரியே 'காற்றுவழி அடைபட்டுள்ளதா எனப் பார்க்கவும்' என்பதுதான். பார்த்தேனே! கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு அடைப்பைத் தேடிய பேரறிவாளி நான்.

"கதவத் தொறந்தாப்பல கயித்துல கட்டிட்டுப் போலாமுங்க" என்றார் நாகராஜு.

"எதிரே வருகிற பஸ் கதவையும் கொண்டுபோகும், ஆளையும் கொண்டுபோகும்."

"அப்ப உரிச்சிரலாங்களா?"

ஓரத்தை நகத்தால் நெம்பினேன். நார்நாராகக் கிழிந்தது. உரித்தால் நீ முழுவதும் போய்விடுவாய். துளைகளின் மேல் மட்டும் கீறினால் முகமாவது மிஞ்சும். கருவிப்பெட்டியிலிருந்து கட்டரை எடுத்தேன். நாகராஜு இரண்டடி பின்வாங்கிக் கும்பிட்டார். "அண்ணங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுருங்க, சின்னக்கா. அப்புறம் எம்மேல பழி வந்துரும்."

அழைத்தேன். அத்தான் முழுவதும் கேட்டார்.

"அமலா, அவ மொகத்துல கத்தி வெக்காத."

"வேற வழியில்ல அத்தான்."

"திரும்பி வந்துடு. இங்க வந்து பாத்துக்கலாம்."

"திரும்புறதுக்கும் வண்டி ஓடணும்ல! கதவ மூடினா கரன்ட் நிக்குது. உள்ள ஒரு உசுரு கெடக்குது அத்தான்." என் செந்தமிழெல்லாம் எங்கோ போயிருந்தது.

"அவள ஒருதடவ பாத்தாச்சு, ஆஸ்பத்திரில, அந்த மாதிரி. இன்னொருதடவ என்னால ஆகாது" என்றார். அழைப்பு அறுந்தது. அவர் துண்டித்தாரா, மலையா, தெரியாது.

உன் கண்களைப் பார்த்துக்கொண்டே கீறினேன். துளைகள் உன் மூக்கிலிருந்து மோவாய் வரைக்கும் இருந்தன. கண்களைத் தொட வேண்டியிருக்கவில்லை. முதல் கீறல் உதடுகளுக்கு நடுவே விழுந்தது. இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நொடியில் காற்று உன் வாய் வழியாக உள்ளே பாய்ந்த ஓசையை நான் எப்படி எழுதுவேன்? நீரில் மூழ்கி எழுந்தவர்கள் இழுக்கும் முதல் மூச்சு அது. நாகராஜு சாலையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மீதித் துளைகளையும் திறந்தேன். விசிறி தெளிந்தது. ஆனால் ஓசை நிற்கவில்லை. இரண்டு குறுமூச்சு, ஒரு நெடுமூச்சு. மீண்டும் இரண்டு குறுமூச்சு, ஒரு நெடுமூச்சு. விசிறி ஒரே சீராகச் சுழல்வது. அதற்குத் தாளம் கிடையாது. அறுந்த விளிம்பு ஒன்று படபடக்கிறது, அதுவே காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வண்டியில் ஏறினேன்.

ஏற்றம் முழுவதும் ஜெனரேட்டர் நிற்கவில்லை. குளக்கரையிலேயே வண்டியை நிறுத்தி, ஆக்ஸிஜன் குழாயை நீட்டி, மாமியைச் சக்கர நாற்காலியில் இறக்கினோம். படிகளையும் தண்ணீரையும் பார்த்தபடி வெகுநேரம் இருந்தார். பிறகு என் கையைப் பிடித்தார்.

"பின்னாடி யாரோ மூச்சு விட்டுண்டே வந்தாளே, யாரு அது?"

"விசிறிச் சத்தம், மாமி."

"என்னமோ. அது இழுக்கறச்சே நானும் இழுத்துண்டேன், அது விடறச்சே நானும் விட்டேன். ரொம்ப சௌகரியமா இருந்தது."

வைதேகி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. மூச்சுத்திணறி வருகிறவர்களின் கட்டிலோரம் அமர்ந்து, "பயப்படாதீங்க, எங்கூட இழுங்க, எங்கூட விடுங்க" என்று நீ சொல்வாயே. அதை மாமிக்கு யார் சொன்னது?

மாமியைப் பத்திரமாக வீடு சேர்த்த மறுநாள், அறுந்த விளிம்புகளை ஒட்ட நறுக்கினேன். படபடக்க ஒரு நூலிழையும் மிஞ்சவில்லை. இயக்கினேன். இரண்டு குறுமூச்சு, ஒரு நெடுமூச்சு.

அத்தான் வந்தது அப்போதுதான். வலப்புறம் வந்து நின்று உன்னைப் பார்த்தார். "வாய வெட்டிப்புட்டியே" என்றார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. உள்ளே காற்று போகும் இடத்தில் அவர் கையைப் பிடித்து வைத்தேன். கையை எடுக்கவே இல்லை. மெல்ல மெல்ல, அவர் தோள்களும் அந்தத் தாளத்துக்கு ஏறி இறங்குவதைக் கண்டேன். வேலை முடிந்ததால் பொத்தானை அழுத்தப் போனேன்.

"நிறுத்தாத."

"டீசல் தீர்ந்துடும் அத்தான்."

"தீரட்டும்."

தீரும்வரை இருவரும் நின்றிருந்தோம். இயந்திரம் இருமி அடங்கியது. விசிறி தளர்ந்து, தளர்ந்து, நின்றது. அதற்குப் பிறகு இன்னும் ஒரு நெடுமூச்சு வந்தது. "விசிறி ஓடி அடங்குற சத்தம், அத்தான்" என்றேன். அவர் தலையசைத்தார். உன்னிடம் நான் பொய் சொல்வானேன், அக்கா? இயந்திரம் இருமியதுமே கதவைத் திறந்து என் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். விசிறி அதற்கு வெகு முன்பே நின்றுவிட்டிருந்தது.

எனக்கு அச்சம் இல்லை என்று எழுதினால் நீ சிரிப்பாய். இருக்கிறது. ஆனாலும் வாக்குத் தருகிறேன்: உன் வாயின்மேல் இனி எவரும் எதையும் ஒட்ட நான் ஒப்பமாட்டேன், அழகுக்காகவும் சரி, அன்புக்காகவும் சரி. குண்டலுபேட்டைக்குப் போக வேண்டும் என்று ஒரு பெரியவர் கேட்டிருக்கிறார். அவருக்கும் மூச்சுத்தான் தொல்லை. அழைத்துப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். இம்முறை முன்னிருக்கையில் அத்தானும் வருகிறார். இயந்திரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். மற்றதை நீ பார்த்துக்கொள்.

உன் உடன்பிறந்தவள், உன் முகத்தைக் கீறியவள்,
அமலா