சாம்பல் கோட்டும் நாலு பத்து வண்டியும்

1997 மே 31, சனி

விடியலில் இருந்தே மழை. ரப்பர் மரமெல்லாம் நனைந்து பால் வெட்டு இல்லை. தோட்ட ஆபீசில் கிளாக்கர் வேலை, அரை நாள். அதில் பாதி, ஒழுகுகிற இடத்துக்கு வாளி வைத்ததிலேயே போயிற்று.

பின்னேரம் பழைய ரப்பர் ஸ்டோரில் செல்வத்தோடு. நாளைக்குக் காட்டும் படத்தை ஒரு தடவை ஓட்டிப் பார்த்தோம். வெள்ளைக்காரத் துரைமார் கிளப்பில் விட்டுப்போன டின்களில் இது ஒன்பதாவது. எல்லாம் கறுப்பு வெள்ளை, எல்லாம் லண்டன், எல்லாம் கொலை. ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. கையில் காசில்லாமல் எடுத்தது என்று பார்த்த உடனே தெரியும். ஒரே மாடிப்படி நாலு படத்தில் வருகிறது, சுவரில் அதே விரிசலோடு. போன படத்தில் செத்த ஆள் இதில் டாக்சி ஓட்டுகிறார். வீதி காட்ட வசதியில்லாத இடமெல்லாம் மூடுபனி. இருந்தும் பாழாய்ப்போன மனசு அதில்தான் ஒட்டுகிறது. ஈரத் தெரு, மழைக்கோட்டு, யாரும் யாரையும் நம்பாத முகங்கள்.

லயத்து வரிசை வீட்டுச் சனத்துக்கு இங்கிலீஷ் தெரியாது. படம் ஓட ஓட, பக்கத்தில் ஸ்டூல் போட்டு நான்தான் தமிழில் கதை சொல்ல வேண்டும். "இந்த லண்டன் பேரெல்லாம் யாருக்குங்க வேணும், நம்ம ஊர்ப் பேரா சொல்லுங்க" என்று பால் வெட்டும் ராக்கம்மா முதல் படத்திலேயே சண்டை. அன்றிலிருந்து எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறேன். இந்தத் தடவை:

லண்டன் பெரிய ஸ்டேஷன், 4.10 வண்டி வருவது – கொழும்புக் கோட்டை ஸ்டேஷன்
தேம்ஸ் – களனி கங்கை
இன்ஸ்பெக்டர் – ராலஹாமி (சிங்களத்தில் பொலிஸ்காரர்)
திருட்டு வைரப் பார்சல் – பா. (இரத்தினபுரி நீலக்கல் என்று சொல்ல)
சாம்பல் கோட்டுக்காரன் – சா.கோ.
சாமான் வைக்கும் அறைக் கிளாக்கர் – கி. கொலைகாரன் இவன்தான்! படம் முழுக்கப் பொலிசுக்கு உதவி. என்ன கேட்டாலும் எடுத்துக் கொடுக்கிறான், பூனை மாதிரி.

எந்த இடத்தில் ரீல் மாற்றுவது என்று செல்வத்துக்கு ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன். என் மனைவி சரோஜாவின் தம்பி அவன். பெக்டரியில் மோட்டர் வேலை, மெஷின் எதுவானாலும் கைக்கு அடங்கும்.

"அத்தான், கிளாக்கர்தான் கொலைகாரன்னு யாருகிட்டயும் உளறிறாதீங்க."

"என்னை மாதிரி ஆளுடா. யாரு சந்தேகப்படுவா?"

இரண்டு பேருக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

ஜூன் 1, ஞாயிறு

மழை விட்டுவிட்டு. ஜன்னலுக்கெல்லாம் சாக்குக் கட்டி மூன்று மணிக்குப் படம். நூறு பேருக்கு மேல். டாக்சிக்காரனைக் கண்டதும் ராக்கம்மா: "அடியே, இந்தாளு போன மாசம் செத்தான்ல! காரியம்கூட முடிஞ்சிருச்சே!"

மூன்றாம் ரீலில் 'டப்' என்றொரு சத்தம். மெஷின் பல்பு போயிற்று. கூச்சலோ கூச்சல். "கொலைகாரன் யாருன்னு சொல்லிட்டு போங்க கிளாக்கரய்யா!" சொல்ல மாட்டேன் என்றேன். அடுத்த ஞாயிறு மிச்சம். அந்தப் பல்பு இங்கெல்லாம் கிடைக்காது, கொழும்பில்தான் தேட வேண்டும்.

ஜூன் 2, திங்கள்

வெயில். காலையில் பேர் எடுக்கும் பிரட்டுக்கு எல்லாரும். இன்றைக்கும் அதே கேள்வி, கொலைகாரன் யார்.

செல்வம் நாளைக்குக் கொழும்பு போகிறான். அவனுக்கு அடையாள அட்டை இல்லை. பிறப்புப் பதிவில் அப்பா பேர் பிழை, மூன்று வருடமாக இழுபடுகிறது. வழக்கம்போல 'இவர் நமது தோட்டத் தொழிலாளி' என்று கடிதம் டைப் அடித்துத் மேனேஜர் துரையிடம் கையெழுத்து வாங்கினேன். துரை பின்னேரம் லீவில் போய்விட்டார்.

சரோஜா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு: "குண்டு பயத்துல ஊரெல்லாம் செக்கிங்னு ரேடியோவுல சொல்றான். ஒரு பல்பு இல்லாட்டி செத்தா போயிருவோம்?" அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். என்ன சிரிப்போ.

ஜூன் 3, செவ்வாய்

இன்றைக்கு எழுத்து கோணல். இருந்தாலும் எழுதுகிறேன்.

ஆறேகால் பஸ்ஸில் செல்வம் போனான். பதினொரு மணிக்கு ஆபீஸ் வாசலில் பொலிஸ் ஜீப், டவுன் ஸ்டேஷனிலிருந்து. அங்கே தமிழ் வாசிக்க ஆளில்லை. தமிழில் கடிதம், முறைப்பாடு எது வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். தேத்தண்ணி தருவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. "ஒரு துண்டு வாசிக்கணும் மாத்தயா" என்றான் கொன்ஸ்தாப்பல். ஏறிப் போனேன்.

எஸ்.ஐ. மேசையில் துண்டு. என் எழுத்து.

'4.10 வண்டி. பா. கோட்டையில் வைக்கணும். சா.கோ. வெளியே காத்திருப்பான். ராலஹாமி முடிந்தது. இங்கே மாற்று.'

டவுன் பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸை நிறுத்திச் சோதித்திருக்கிறார்கள். சட்டைப் பையில் மடித்தபடி இது. மடையன், வெளியே எடுத்து வைக்க மறந்துவிட்டான். மடையன் அவனா, நானா?

சொல்லுக்குச் சொல் சிங்களத்தில் சொன்னேன். சொல்லச் சொல்ல என் காதுக்கே பயங்கரமாக இருந்தது. கோட்டை ஸ்டேஷன். பார்சல். ராலஹாமி முடிந்தது. "சினிமாக் கதை மாதிரி இருக்கு சார்" என்று மட்டும் மெல்ல.

எஸ்.ஐ. சிரித்தார். "அவனும் அதைத்தான் சொல்றான். எழுதினதும் தானேதான்னு சொன்னான். எழுதிக் காட்டச் சொன்னோம். கோழி கிளறின மாதிரி இருக்கு. இது பாருங்க, முத்து முத்தா. அதுல பொய் சொன்னவன் இதுல மட்டும் உண்மை சொல்வானா? கொண்டு போனவன் கூலி மாத்தயா. மூளை எழுதினவன்கிட்ட. எனக்கு அவன் வேணும்."

பிறகு கேட்டார்: "உங்க தோட்டத்து ஆள்தானே. இது யாரு எழுத்து?"

வாய் திறந்தது. நான் திறக்கவில்லை, அதுவாகத் திறந்தது.

"தெரியாது சார்."

செல்வத்தைக் கொண்டுவந்தார்கள். உதடு வீங்கியிருந்தது. இவர் யார் என்று கேட்டார்கள். என்னைப் பார்த்தான். ஒரு கணம்தான்.

"எங்க தோட்டத்து கிளாக்கர் ஐயா."

கல்யாணமான நாளிலிருந்து அத்தான், அத்தான் என்று காலைச் சுற்றினவன். இன்றைக்குத்தான் முதல் முறையாக ஐயா.

தேத்தண்ணி கொடுத்தார்கள். குடித்தேன். அதையும் குடித்தேன்.

ஜூன் 4, புதன்

வானம் மப்பு. மழை இல்லை. ஆபீஸ். உர மூட்டை கணக்கில் இரண்டு தடவை பிழை.

சரோஜா: "யாரு எழுதினதுன்னு கேட்டாங்களா?"

"கேக்கல."

பொய் நம்பர் இரண்டு. அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

துரைக்கு டெலிபோன். படம் காட்ட அனுமதி தந்தவரே அவர்தான். "இந்த நேரத்தில் இதில் தலை போடாதே. நானும் போட மாட்டேன்" என்று வைத்துவிட்டார்.

ஆபீஸ் பதிவேடு முழுக்க என் எழுத்து. எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் முத்து முத்து.

ஜூன் 5, வியாழன்

பின்னேரம் அடை மழை. புளத்கொகுபிட்டிய பக்கம் மண் சரிந்து பஸ் இல்லையாம்.

சரோஜா சோறு கட்டிக்கொண்டு பொலிசுக்குப் போனாள். மூன்று மணி நேரம் வாசலில். ஐந்து நிமிடம் பார்க்க விட்டார்கள். நனைந்து வந்தவள் துணிகூட மாற்றவில்லை.

"சனிக்கிழமை பத்து மணிக்கு கொழும்புக்கு அனுப்புறாங்களாம். அங்க போனா எப்ப வருவான், வருவானான்னு அவங்களுக்கே தெரியாதாம்."

"என்ன சொன்னான்?"

"ஞாயித்துக்கெழம படம் காட்டணும், அத்தானை பல்புக்கு வேற வழி பாக்கச் சொல்லுன்னான்."

எழுந்து வெளியே போய்விட்டேன். மழையில் நின்றேன். அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. அழுதேன்.

ஜூன் 6, வெள்ளி

மழை. பால் வெட்டு இல்லை. ஸ்டோரில் போய் டின்களைப் பார்த்தேன். இதைக் கொண்டுபோய்க் காட்டலாமா? காட்டி? பல்பு இல்லாத மெஷின். ஓடினாலும் அதில் கோட்டை ஸ்டேஷன் எங்கே இருக்கிறது? களனி கங்கை எங்கே? வெள்ளைக்காரன் எடுத்ததை நான் அல்லவா கொழும்பில் கொண்டுவந்து வைத்தேன்.

வழியில் ராக்கம்மா. "செல்வம் தம்பி வந்துருவான்லங்க?" கொலைகாரன் யார் என்று கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமையிலிருந்து யாருமே கேட்கவில்லை.

பின்னேரம் சரோஜா முன்னால் வந்து உட்கார்ந்தாள். குரல் உயரவே இல்லை.

"நம்ம கல்யாணப் பத்திரிகையில விலாசமெல்லாம் எழுதினது நீங்க. அந்த எழுத்து எனக்குத் தெரியாதா? அந்தத் துண்டை மேசையில வச்சிருந்தாங்க. நான் பாத்தேன்."

"சரோஜா..."

"என்கிட்டயும் கேட்டாங்க. யாரு எழுத்துன்னு. தெரியாதுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். நானும் பொய் சொன்னேன், அவனும் பொய் சொன்னான். எல்லாரும் உங்களைத்தான் காப்பாத்துறோம். நீங்க யாரைங்க காப்பாத்துறீங்க?"



நான் போனால் என்னையும் வைத்துக்கொள்ளலாம். முதலில் பொய் சொன்னதற்கே வைத்துக்கொள்ளலாம். பயம். ஊரறியச் சொல்ல முடியாததை இந்தப் புத்தகத்திடம் சொல்கிறேன்: எனக்குச் சரியான பயம்.

ஜூன் 7, சனி

விடிந்துவிட்டது. தூறல். ஆறேகால் பஸ்.

எடுத்து வைத்தவை: வெள்ளைச் சட்டை. அடையாள அட்டை. படத்தின் முதல் டின். ஆபீஸ் பதிவேடு ஒன்று, எழுத்தை ஒப்பிட. செல்வத்துக்கு மாற்றுச் சட்டை. சரோஜா கட்டித் தந்த ரொட்டி, இரண்டு பேருக்கு. மூன்றாம் ஆளாகத் தானும் வருகிறேன் என்று நிற்கிறாள். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. செருப்பு மாட்டுகிறாள்.

இந்தப் புத்தகத்தையும் கொண்டுபோகிறேன். மே 31 பக்கத்தில் எல்லாம் இருக்கிறது. கோட்டை எது, பா. எது, சா.கோ. யார், எல்லாம் வரிசையாக, அதே எழுத்தில், அவனைப் பிடிப்பதற்கு மூன்று நாள் முந்தி. இதைவிட்டால் எழுத்தில் வேறு சாட்சி இல்லை.

மூன்றாம் தேதிப் பக்கமும் இதில்தான் இருக்கிறது. தெரியாது சார் என்றது, தேத்தண்ணி குடித்தது. கிழிக்கலாமா என்று விளிம்பைப் பிடித்துப் பார்த்தேன். நூல் தைத்த புத்தகம், கிழித்தால் அதோடு சேர்ந்த தாளும் கழன்று வரும். கிழித்த புத்தகத்தை யார் நம்புவார்?

கிழிக்கவில்லை.

பஸ் சத்தம் கேட்கிறது. அங்கே தமிழ் வாசிக்க ஆளில்லை. எஸ்.ஐ. முன்னால், செல்வத்தை வைத்துக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும்.