நான் வெட்டச் சொன்ன சொல்

என் அன்புள்ள எதிர்க்கட்சிக்கு,

நீ கோபித்துக்கொண்டு உன் அக்கா வீட்டுக்குப் போய் இருபது நாளாகிறது. அன்று நான் சொன்னதைத் திரும்ப எழுதும் துணிச்சல் எனக்கில்லை.

தினமும் நீ அனுப்பிய குரல் செய்திகளை வீம்புக்காக நான் கேட்கவே இல்லை. பேச்சை எழுத்தாக்கும் எங்கள் கம்பெனிக் கணினியில் போட்டுப் படிப்பதோடு சரி. "மாத்திரை போடுங்க. செடிக்குத் தண்ணி ஊத்துங்க." அவ்வளவுதான். ‘வீட்டிலும் ஒரு மேனேஜர்’ என்று பக்கத்து சீட்டு அம்மாளிடம் வம்பளந்தேன்.

அவர் என் காதில் ஹெட்போனை மாட்டி, "முதல்ல கேளுங்க சார், அப்புறம் அளக்கலாம்" என்றார்.

கேட்டேன். ஒவ்வொரு செய்தியிலும் முதலில் "என்னங்க" என்கிறாய். கொஞ்சம் நிறுத்துகிறாய். மறுபடியும் "என்னங்க" என்கிறாய். நேற்று ஐந்து முறை. அதற்குப் பிறகுதான் மாத்திரை.

எழுத்தில் அதில் ஒன்றுகூட வரவில்லை. வெட்ட வேண்டிய வெற்றுச் சொற்கள் என்று கணினிக்குப் பட்டியல் கொடுத்து, அதில் முதலாவதாக ‘என்னங்க’வைச் சேர்த்த மகா புத்திசாலி நான்தான்.

இன்று அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். நாளைக் காலை முதல் பேருந்தில் வருகிறேன். அக்கா எதிரில் மட்டும் திட்டாதே. வீட்டுக்கு வந்து ஆற அமரத் திட்டு. ஒரு சொல் விடாமல் கேட்கிறேன்.

உன் அசடு